பளபளப்பில் தொலைந்த பெயர்

"நல்லா தேய்ச்சுட்டேன் சார், இப்போ பாருங்க" என்று சொல்லிக்கொண்டே, கத்தியைக் கொண்டுவந்தவர் துணியைப் பிரித்தார். உள்ளே ஒரு கார்த். நேரான அலகு, ஒரு பக்கம் மட்டும் கூர், வால்ரஸ் தந்தத்தில் பிடி. கஜார் மன்னர்கள் காலத்துப் பாரசீகக் கத்தி. அலகு எவர்சில்வர் கரண்டி மாதிரி மின்னியது.

பழைய உலோகப் பொருள்களைப் பாதுகாப்பது என் தொழில். துருவைவிடப் பாத்திரம் தேய்க்கும் நாரும் பாலிஷும் செய்த சேதத்தைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

இந்த அலகுகளில் எழுத்துகளுக்குத் தங்கத்தை ஊற்றி நிரப்புவதில்லை. எஃகின் மேல் மெல்லிய கீறல்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, அவற்றில் பிடித்துக்கொள்ளும்படி தங்கக் கம்பியைத் தட்டி ஒட்டுவார்கள். தேய்த்தால் தங்கம் எழுத்தோடு சேர்ந்தே போய்விடும். முதலில் போவது புள்ளிகள். அரபு எழுத்தில் பே, தே, நூன் மூன்றையும் பிரித்துக் காட்டுவதே புள்ளிதான்.

லென்ஸை வைத்துப் பார்த்தேன். மேல் கட்டத்தில் பாதிப் புள்ளிகள் இல்லை. ஆனாலும் படிக்க முடிந்தது: 'நஸ்ரும் மினல்லாஹி வ ஃபத்ஹுன் கரீப்'. அல்லாஹ்வின் உதவியும் அண்மையில் வெற்றியும் என்ற குர்ஆன் வசனம் (61:13). ஆயுதங்களில் அடிக்கடி வருவது என்பதால் ஊகித்துவிட்டேன். கீழே 'அமலெ', அதாவது 'இன்னாரின் வேலை'. அதற்கப்புறம் வெறும் கீறல்கள். பெயரை ஊகிக்க முடியாது.

(பெயர் இருந்தாலும் உடனே நம்பிவிடாதீர்கள். 'அசதுல்லா இஸ்ஃபஹானி' என்ற புகழ்பெற்ற பாரசீக வாள்கொல்லரின் கையொப்பம், ஒரு மனிதரின் ஆயுளில் அடங்காத அத்தனை ஆண்டுகளின் வாள்களில் இருக்கிறது. வியாபாரி சொல்லும் விலை வேறு கதை.)

இன்னொன்றும் போயிருந்தது. கோல்கொண்டா பக்கமிருந்து பாரசீகத்துக்குக் கப்பலேறிய உருக்கில் அடித்த அலகுகளில் நீரலை போல வரிகள் ஓடும். அதை ஜௌஹர் என்பார்கள். பாலிஷ் போட்டால் வரி மங்கிவிடும். மறுபடி அமிலக் கரைசல் பூசி எழுப்பலாம்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் எஃகு கரையும். நான் அதைச் செய்யவில்லை. மென்தூரிகையால் தூசி தட்டி, மெல்லிய மெழுகுப் பூச்சு மட்டும் கொடுத்தேன்.

"பெயரை மறுபடி எழுதித் தர முடியாதா?" என்றார். முடியாது என்றேன்.

சரி என்று கத்தியை எடுத்து, வெறுங்கையால் தோலுறைக்குள் செருகப் போனார். தடுத்தேன். விரல் வியர்வை உப்பு ஒரு பக்கம், தோலில் தங்கும் ஈரமும் அமிலமும் இன்னொரு பக்கம், இரண்டும் துருவை வரவழைக்கும். உறையைத் தனியாகவும் கத்தியைத் தனியாகவும் சுற்றிக் கொடுத்தனுப்பினேன்.