விரிகோண வில்லை

மிக அகன்ற காட்சியை ஒரே படத்தில் அடக்கும் கமரா லென்ஸ் ஒன்று உண்டு, ‘அல்ட்ரா வைட் லென்ஸ்’. அதற்கு ‘மீ அகலக்கோண வில்லை’, ‘அதியகன்ற கோண லென்ஸ்’ என்று ஆளுக்கொரு சொல் எழுதுகிறார்கள். எனக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. பள்ளிக்கூடத்துக் கேத்திரகணிதத்தில் கூர்ங்கோணம், செங்கோணம், விரிகோணம் என்று மூன்றைப் படித்தோமே, அந்த மூன்றாவது போதும்.

முதலில் லென்ஸ். இலத்தீனில் இது ஒரு பருப்பின் பெயர். எந்தப் பருப்பென்றால், எங்கள் குசினியில் தினமும் வேகிற மைசூர்ப் பருப்புத்தான். தாவரவியலிலும் அதன் பெயர் லென்ஸ் குலினாரிஸ். தோல் நீக்கி இரண்டாக உடைத்ததையே நாங்கள் வாங்குவதால் வடிவம் பிடிபடுவதில்லை. உடைக்காத மணி இரு பக்கமும் புடைத்து, ஓரம் மெலிந்து, குவிவு வில்லை போலவே இருக்கும். (மைசூருக்கும் இதற்கும் தொடர்பில்லை, ‘மசூர்’ தான் எங்கள் வாயில் ஊராகிவிட்டது.) தமிழ் ‘வில்லை’ பருப்பிலிருந்து வரவில்லை. கற்பூர வில்லை, சந்தன வில்லை என்கிறோமே, அந்தத் தட்டையான வட்டத் துண்டுதான். தெலுங்கில் ‘பில்ல’. யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோ எதிலும் ‘வில்லையைக் கழற்று’ என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். பேச்சில் லென்ஸ், எழுத்தில் வில்லை, இரண்டும் இருக்கட்டும்.

‘அல்ட்ரா’ என்றால் இலத்தீனில் ‘அப்பால்’, ‘கடந்து’. எங்கள் விஞ்ஞானப் புத்தகம் ‘ஊதாக்கடந்த கதிர்’ என்று எழுதுவது அந்தப் பொருளை அப்படியே பிடித்துத்தான். அப்படியானால் அல்ட்ரா வைட் எதைக் கடக்கிறது? செங்கோணத்தை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முழுச்சட்டகம் என்பது கமராவுக்குள் படம் விழும் 36 × 24 மில்லிமீற்றர்ப் பரப்பு, மூலைவிட்டம் 43.3. அதில் பாதி, ஏறக்குறைய 21.6, குவியத்தூரமாக இருந்தால் மூலைக்கு மூலை பார்வைக்கோணம் சரியாக 90 பாகை. 28 மி.மீ. வில்லை 75 பாகை, 24 மி.மீ. 84 பாகை: இரண்டும் அகலம்தான், ஆனாலும் கூர்ங்கோணம். 21 மி.மீ. 92 பாகையோடு கோட்டைத் தாண்டுகிறது. 15 மி.மீ. 110, 12 மி.மீ. 122. படம்பிடிப்பவர்கள் அல்ட்ரா வைட் என்று பிரிக்கிற இடமும் ஏறத்தாழ அதே 21தான்.

இது மூலைவிட்டக் கணக்கு என்பதை மறக்கவேண்டாம். நாற்சார் வீட்டு அறை ஒன்றின் மூலையில் முதுகை ஒட்டி நின்று இரு பக்கச் சுவரும் கிடைப்படத்தில் விழவேண்டுமென்றால், கிடையாகவே 90 பாகை வேண்டும். அதற்கு 18 மி.மீ. தேவை. 21 வாங்கிவந்து அறை மூலையில் நின்று ‘காணாதே’ என்று கவலைப்பட்டவன் நான்.

இனி இந்த வில்லை பூட்டும் கமரா வகை ஒன்றின் பெயர், ‘ரேஞ்ச்ஃபைண்டர்’. ‘ரேஞ்ச்’ என்றதும் ‘வீச்சு’ என்று மொழிபெயர்த்தால் பிழை. இங்கே ரேஞ்ச் என்பது இலக்குவரை உள்ள தூரம். பீரங்கிக்காரருக்குத் தூரம் சொல்லவந்த கருவி, பிறகு கமராவுக்குள் புகுந்தது. 1932இல் வந்த ‘லைக்கா II’ கமராவில் அது வில்லையோடு இணைந்தே இருந்தது. இரண்டு சாளரம், இரண்டு உருவம். வளையத்தைத் திருப்ப ஒன்று நகர்ந்து மற்றதன்மேல் பொருந்தும். பொருந்தினால் தூரம் சரி. வெப்பமானி போல ‘தூரமானி’ என்றால் யாருக்கும் விளங்கும்.

விரிகோண வில்லையில் தூரமானிக்கு அநேகமாக வேலையே இல்லை என்பதுதான் வேடிக்கை. 15 மி.மீ. வில்லையின் துவார அளவை எஃப் 8இல் வைத்து வளையத்தை ஒரு மீற்றருக்குத் திருப்பினால் அரை மீற்றரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை தெளிவு. நல்லூர்த் தேரன்று வெளிவீதிச் சனத்துக்குள் குவியம் தேட யாருக்கு நேரம்?

பிறகேன் இந்தத் தூரமானிக் கமரா? வில்லைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பும் முகக்கண்ணாடி உள்ளே இல்லாததால். அந்தக் கண்ணாடி உள்ள நிக்கன் எஃப் வகையில் வில்லை பூட்டும் தளத்துக்கும் படம் விழும் தளத்துக்கும் இடையே 46.5 மி.மீ. விடவேண்டும், தூரமானி வகையான லைக்கா எம்மில் 27.8 போதும். அதனால் வில்லையைச் சிறியதாகவே செய்யலாம். பிலிமுக்கு அது வரம். டிஜிற்றல் உணரிக்கோ ஓரங்களில் சாய்ந்து விழும் ஒளி ஒத்துவராது, விளிம்பில் ஊதாச் சாயம் ஏறும். வொயிட்லாண்டர் என்ற பெயரில் விற்கும் 15 மி.மீ. ஹெலியார் வில்லை 1999இல் வந்தது. 2015இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அந்தச் சாயம் பெரும்பாலும் அடங்கியது. டிஜிற்றலுக்கு வாங்குகிறவர் மூன்றாவதையே கேளுங்கள். கண் வைத்துப் பார்க்கும் உள்சாளரத்தில் படத்தின் எல்லையைக் காட்டும் சட்டகக்கோடு பெரும்பாலும் 28 மி.மீ.ரோடு நின்றுவிடும் என்பதால் மேலே தனிச் சாளரம் செருகவேண்டும். எடுக்குமுன்பே காட்சியைத் திரையில் நேரடியாகக் காட்டும் கமரா உடலென்றால் அது தேவையில்லை.

ஆட்களை ஓரத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள். ஒரு கலியாணவீட்டில் எல்லாரையும் அடக்கவென்று 15ஐப் பூட்டினேன். கரையில் நின்ற பெரியம்மாவின் தலை இழுபட்டுப் போயிற்று. “எடே தம்பி, என்ர முகத்தைப் பூசணிக்காயாக்கிப் போட்டியே!” அந்தப் படத்தை இன்னும் வீட்டில் மாட்டவில்லை. ஆள்படம் நிறைய எடுப்பவருக்கு 21, அறைக்கும் ஒழுங்கைக்கும் 15. 12ஐ நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

வாங்குமுன் உடல் எது என்று கேளுங்கள். 2009இல் வந்த லைக்கா எம்9 முழுச்சட்டகம். அதற்கு முந்திய எம்8 சிறு சட்டகம், 27 × 18 மி.மீ. எம்9இல் 92 பாகை காட்டிய அதே 21, எம்8இல் 75 பாகைக்குச் சுருங்கிக் கூர்ங்கோணமாகிவிடும். 15ஓ 94 பாகையோடு மயிரிழையில் விரிகோணமாகத் தப்பிக்கும்.