கதையில் இருப்பது துளையா, ஓட்டையா?

"செகண்ட் ஹாஃப்ல ரெண்டு சதித்துளை இருக்குண்ணா." இரண்டாம் ஆட்டம் விட்டுச் சேலம் ஐந்து ரோட்டு டீக்கடையில் நின்றிருந்த கல்லூரிப் பையன் ஒருவன் இப்படிச் சொன்னான். பக்கத்தில் இருந்தவர் டீயை ஆற்றிக்கொண்டே, "எது, வில்லன் சுவத்துல போட்டானே, அதுவா?" என்று கேட்டார். அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. அந்தச் சொல்லைக் கேட்கும் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

வேற்றுமொழிப் படங்களின் கீழ்வரியிலும் (சப்டைட்டில்) விமர்சனங்களிலும், ஆங்கிலத்தின் 'பிளாட் ஹோல்' என்பதை அப்படியே பெயர்த்த இந்தச் 'சதித்துளை' கொஞ்ச நாளாகவே கண்ணில் பட்டுக்கொண்டிருக்கிறது. எழுத்தில் இருந்தவரை பொறுத்துக்கொண்டேன். டீக்கடைப் பேச்சுக்கே வந்துவிட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

பிறப்பை முதலில் முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் 'பிளாட்' என்பதற்குப் பழைய பொருள் நிலத்துண்டு. அது நிலத்தின் வரைபடம் ஆகி, பிறகு திட்டம் ஆகி, இரகசியத் திட்டமான சதி வரைக்கும் போனது. சதியைக் குறிக்கும் 'காம்ப்ளாட்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் சாயல் அதில் ஏறியிருக்கலாம் என்பார்கள். 1605இல் லண்டன் நாடாளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்கப் பார்த்த சம்பவத்துக்கு அங்கே இன்றும் இந்தச் சொல்தான் பெயர். ஒரு கதையின் நிகழ்ச்சிகளைக் கோத்திருக்கும் விதம் என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. 'ஹோல்' எல்லோருக்கும் தெரிந்ததுதான். கதை தான் சொன்னதையே மறந்துபோகும் இடம், அல்லது சொல்லியே ஆக வேண்டியதைச் சொல்லாமல் தாண்டிவிடும் இடம், இதுதான் 'பிளாட் ஹோல்'.

அகராதியில் நான்கு பொருள் இருந்தால் அதில் எது இந்த இடத்துக்கு என்று பார்க்க வேண்டியது மொழிபெயர்ப்பவர் வேலை. எந்திரம் எதையோ எடுத்துக் கொடுக்கிறது, மனிதர் அதை வாங்கி அப்படியே ஒட்டிவிடுகிறார். அஸ்தம்பட்டி தாண்டி ஏற்காடு ரோட்டில் போனால் வழியெல்லாம் பிளாட் விற்பனைப் பலகைதான். அந்தப் பொருளைப் பிடித்திருந்தால் 'மனைக்குழி' என்று வந்திருக்கும். நல்லவேளை.

சேலத்துக்காரர்களுக்கு இந்தச் 'சதி'யில் இன்னொரு சங்கடமும் உண்டு. அதே ரோட்டில் இன்று நுழைவு வளைவு மட்டும் மிஞ்சி நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பட நிறுவனம், டி.ஆர். சுந்தரம் நடத்திய காலத்தில், முதலில் எடுத்த படம் 1937இல் வந்த 'சதி அகல்யா'. அங்கே சதி என்றால் பத்தினி. சதி சாவித்திரி, சதி அனுசூயா என்று கேட்டு வளர்ந்த பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் போய் 'சதித்துளை' என்று சொல்லிப் பாருங்கள்.

சரி, சதித்துளை வெறும் அசட்டை. சுட்டிக்காட்டினால் போட்டவரே சிரித்துவிட்டு நீக்கிவிடுவார். எனக்கு உண்மையான சண்டை அதன் தம்பியோடுதான்: 'கதைத்துளை'. இதை யோசித்து, நல்ல தமிழ் என்று நம்பி, நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார்கள். முன்பாதி சரிதான். கதையைக் கதை என்று சொன்னதற்கே நன்றி சொல்லலாம். இலக்கிய வகுப்பில் 'கதைப்பின்னல்' என்று சொல்லிக்கொடுப்பார்கள், நல்ல சொல். ஆனால் அதோடு இன்னொன்றையும் சேர்த்தால் வாய்க்குள் அடங்காது. 'கதை' போதும். பின்பாதியில் நிற்கும் 'துளை'தான் எனக்கு உறுத்துகிறது.

தமிழில் துளை என்பது பெரும்பாலும் வேண்டுமென்றே இடுவது. புல்லாங்குழலில் துளை, காதில் துளை, மரத்தில் துளை. துளையிடுதல் என்று வினையே இருக்கிறது, துளைக்கக் கருவியும் இருக்கிறது. ஓட்டை அப்படி இல்லை. அது விழுவது. ஓட்டைக் குடம், ஓட்டைக் கூரை, ஓட்டை வாய், ஓட்டை உடைசல். ஒன்றுகூட நல்லதுக்கு இல்லை. இருக்கக் கூடாத இடத்தில் இருப்பதுதான் ஓட்டை.

செவ்வாய்ப்பேட்டையில் சவ்வரிசி மூட்டை ஏற்றி இறக்குகிறவர்களிடம் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். மூட்டை வாயைக் கோணி ஊசியால் தைக்கும்போது வரிசையாகத் துளை விழுகிறது. ஒவ்வொரு துளையிலும் சணல் ஏறி இறங்குகிறது, அதனால்தான் மூட்டையே நிற்கிறது. எலி கடித்த இடம் ஓட்டை. தூக்கும்போது தெரியாது. லாரிக்குப் போகிற வழியெல்லாம் வெள்ளை மணி மணியாகச் சிந்தியிருப்பதைத் திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். கதையும் பார்க்கும்போது ஓடிவிடுகிறது. வீட்டுக்குப் போகிற வழியில், "ஏம்ப்பா, அந்த போன்தான் முதல்லயே கிணத்துல விழுந்துடுச்சே, கடைசியில எப்படி அதுல பேசறான்?" என்று பைக்கின் பின்சீட்டிலிருந்து கேள்வி வருகிறது. இயக்குநர் திட்டம் போட்டு, வேண்டும் என்று ஒளித்துவைத்த இடைவெளி ஒன்று இருந்தால் அதைத் தாராளமாகத் துளை என்று சொல்லுங்கள். துப்பறியும் கதை முழுக்க அப்படிப்பட்ட துளைகள்தான். கடைசிக் காட்சியில் நூல் ஏறிவிடும்.

'துளை' இவ்வளவு மவுசு அடைந்ததற்குக் காரணம் கருந்துளை என்று நினைக்கிறேன். அந்தச் சொல் அழகாக அமைந்து நிலைத்துவிட்டது. அதன் பிறகு ஆங்கிலத்தில் 'ஹோல்' என்று எங்கே வந்தாலும் கை தானாகத் துளைக்குப் போகிறது. வானத்தில் யாரும் ஊசி வைத்துத் துளைக்கவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அங்கே குறை என்ற பொருளும் இல்லை, மிகப் பெரிய விண்மீன் ஒன்று செத்து என்னவாகலாமோ அதன் பெயர் அது. குறை என்று வந்த இடத்தில் பத்திரிகைக்காரர்கள் தடுமாறவில்லை: ஓசோன் படலத்தில் ஓட்டை என்று எழுதினார்கள், எல்லோருக்கும் புரிந்தது. சட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்றுதான் வக்கீலும் சொல்கிறார், தப்பித்தவனும் சொல்கிறான். 'சட்டத்துளை' என்று யாராவது சொல்லக் கேட்டதுண்டா? சட்டத்துக்குப் பொருந்துகிற சொல் கதைக்கு மட்டும் ஏன் ஆகாது? 'கதையோட்டை' என்றே சொல்லலாமே.

ஓட்டை கொச்சை, எழுத்துக்கு ஆகாது என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். வீட்டில் புழங்குவதால் மதிப்புக் குறைந்துவிட்டதாம். தனித்தமிழ் பேசுகிறவர்களிடமே இந்த நோய் இருப்பதுதான் வேடிக்கை. வடசொல்லை விரட்டுவார்கள், ஆங்கிலத்தை விரட்டுவார்கள், கடைசியில் அம்மா சமையலறையில் சொல்கிற தமிழையும் விரட்டிவிட்டு யாரும் பேசாத ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஓட்டைக்கு ஒரு பெரிய வசதி, அது தன் சொந்தக்காரர்களோடு வரும். ஓட்டை என்றால் ஒழுகும்: "இடைவேளைக்கு அப்புறம் கதை ஒழுகுது." ஓட்டை என்றால் அடைக்கலாம்: "அந்த ஓட்டையை அடைக்கத்தான் போலீஸ்காரருக்கு ஒரு வசனம் வச்சிருக்காங்க." கதைத்துளையை வைத்து இப்படி ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள், பாடப்புத்தகம் போலத்தான் வரும்.

மற்ற போட்டியாளர்களை நீட்டவில்லை. 'கதைமுரண்' என்றால் பாத்திரங்களுக்குள் நடக்கும் மோதல் என்று எடுத்துக்கொள்வார்கள், அது இல்லாமல் கதையே கிடையாது. 'கதைப்பிழை' எல்லாவற்றையும் அள்ளிப் போடும் கூடை. 'தருக்கப்பிழை' வாதத்தில் வரும் தவறு, அதை அளவையியலுக்கே விட்டுவிடலாம். 'லாஜிக் மிஸ்டேக்' என்பது மக்கள் சொல். அதோடு எனக்குப் பகை இல்லை, ஆனால் அது சொல்வது வேறு விஷயம். இதில்தான் ரசிகர்களிடமே குழப்பம் இருக்கிறது.

நாயகன் இருபது பேரை அடிக்கிறான், கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியவில்லை, பாட்டு வந்ததும் ஆறு சட்டை மாறுகிறது. இவை எதுவும் ஓட்டை இல்லை. அகப்பாட்டுக்கு இலக்கணம் சொல்ல வந்த தொல்காப்பியம் "நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும்" என்று இரண்டையும் சேர்த்தே வைத்தது. நாடக வழக்கு நாம் டிக்கெட் வாங்கும்போதே ஒத்துக்கொண்டது. ஏற்காடு என்று பலகையை நட்டுவிட்டு வேறு மலையைக் காட்டினால் சேலத்துத் தியேட்டரில் சத்தம் வரும். இருபது கொண்டை ஊசி வளைவையும் மனப்பாடமாகத் தெரிந்த ஊர். ஆனால் அதுகூட இடப்பிழைதான். கதை ஒழுகவில்லை.

மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி'யை (1950) எடுத்துக்கொள்ளுங்கள். குண்டலகேசிக் கதையை வைத்து எழுதியது. மலையுச்சிக்குக் கூட்டிவந்து மனைவியைத் தள்ளப் போகிறான் கொள்ளைக்காரக் கணவன். சாவதற்கு முன் மூன்று முறை உங்களைச் சுற்றி வணங்கிக்கொள்கிறேன் என்கிறாள். அவனும் நிற்கிறான். பின்னால் வந்தவள் அவனைத் தள்ளிவிடுகிறாள். "கொள்ளைக்காரன் எவனாவது முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பானா? லாஜிக்கே இல்ல" என்பார் ஒருவர். நிற்பான். அவளை ஒரு பொருட்டாகவே நினைக்காதவன் என்று படம் முழுக்கக் காட்டியாகிவிட்டது, அந்த இறுமாப்புதான் அவனை நிற்கவைக்கிறது. ஓட்டை என்று தோன்றுகிற இடத்தில் கதை இறுக்கமாகத் தைத்திருக்கிறது. கேட்பவருக்குப் பிடிக்காத முடிவை ஒரு பாத்திரம் எடுத்தால் அதையும் ஓட்டை என்று சொல்லிவிடுவது இப்போது பழக்கமாகிவிட்டது. பாத்திரம் முட்டாளாக இருக்கலாம், அதற்கு அனுமதி உண்டு. அறிவாளி என்று சொல்லிவிட்டு, காரணமே காட்டாமல் திடீரென்று முட்டாளாக்கினால்தான் கேள்வி.

ஓட்டைக்குள்ளேயே வகை பிரிக்க வேண்டும் என்கிறவர்களுக்கு நன்னூலில் சரக்கு இருக்கிறது. நூலுக்குப் பத்துக் குற்றம் என்று பவணந்தி பட்டியல் போடுகிறார். சொல்ல வேண்டியதை விட்டுவிட்டால் குன்றக் கூறல். முன்னே சொன்னதற்கு எதிராகப் பின்னே சொன்னால் மாறுகொளக் கூறல், கிணற்றில் விழுந்த போன் இந்தக் கணக்கு. இரண்டுமே கதையோட்டைதான். மற்றொன்று விரித்தல் என்றால் நாயகனின் நண்பனுக்கு என்று வரும் தனிக் காமெடி டிராக். 'சென்று தேய்ந்து இறுதல்' என்று ஒன்று வைத்திருக்கிறார் பாருங்கள், 13ஆம் நூற்றாண்டிலேயே செகண்ட் ஹாஃபைப் பார்த்துவிட்டார் மனிதர்.

இவ்வளவு சரக்கை வீட்டில் வைத்துக்கொண்டுதான் சதித்துளையைக் கடன் வாங்குகிறோம். அது ஒன்றோடு நின்றால் பரவாயில்லை. பழைய காமெடிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இப்போது ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து "இந்தப் படம் மோசமாக வயதாகியிருக்கிறது" என்று எழுதுகிறார்கள். மனிதருக்கு வயதாகும், மாட்டுக்கு வயதாகும். படத்துக்கு எப்படி ஆகும்? கருப்பு நிறத்தைக் கிண்டலடித்தது, திக்கிப் பேசுகிறவரை வைத்துச் சிரிக்கவைத்தது, பெண்டாட்டியை அறைந்தால் கைத்தட்டு வாங்கியது, திருநங்கை வந்தாலே நக்கல் இசை போட்டது, இதையெல்லாம் இன்று டிவியில் பார்க்கும்போது வீட்டில் யாராவது ஒருவர் "இதப் பார்க்க முடியல, மாத்து" என்கிறார். அதுதான் தமிழ். எழுத்தில் வேண்டுமானால் 'காலம் தாங்காத நகைச்சுவை' என்று சொல்லலாம். அதிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு: அந்தக் காலத்தில் தாங்கியது என்று ஆகிவிடுகிறதே. திக்குவாய் உள்ளவர் அன்றைக்கும் அதே தியேட்டரில் உட்கார்ந்துதானே இருந்தார். ஆனாலும் வயதாவதைவிட இது மேல்.

எழுதும் முறை பற்றி ஒரு வார்த்தை. 'கதையோட்டை' என்று சேர்த்தே எழுதுங்கள், பன்மையில் கதையோட்டைகள். 'கதையோட்டம்' என்ற சொல்லோடு இதற்குக் கடைசியில் மட்டும்தான் வித்தியாசம், அச்சில் தட்டும்போது கவனம். அப்புறம், மாற்றிப் போட்டு 'ஓட்டைக் கதை' என்று எழுதினால் பொருள் மாறிவிடும்: ஒரு கதையோட்டை இருந்தாலும் நல்ல படம் நல்ல படமாகவே இருக்கும், ஓட்டைக் கதை என்றால் மொத்தமும் போச்சு.