சென்னை-17 எப்படி 600017 ஆனது?

தியாகராய நகருக்குப் பின்கோடு 600017. ரயில் பாதையைத் தாண்டினால் மேற்கு மாம்பலம், 600033. இன்னும் மேற்கே அசோக் நகர் 600083, அதை ஒட்டியே கே.கே. நகர் 600078. அடுத்தடுத்த பேட்டைகளுக்கு ஏன் இப்படி முன்னும் பின்னுமாக எண்கள்? பின்கோடு என்பது அடிப்படையில் ஒரு பட்டுவாடா அஞ்சலகத்தின் எண். அந்த அஞ்சலகத்துத் தபால்காரர்கள் போய்வரும் தெருக்கள் எல்லாம் அந்த எண்ணுக்குள் வந்துவிடுகின்றன, அவ்வளவுதான்.

பெருநகரங்களில் பட்டுவாடா வட்டங்களுக்கு எண் போடும் வழக்கம் பின்கோட்டுக்கும் முந்தையது. மெட்ராஸ்-1 என்றால் பொது அஞ்சலகமான ஜி.பி.ஓ., மெட்ராஸ்-4 மயிலாப்பூர், மெட்ராஸ்-5 திருவல்லிக்கேணி. மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சக அதிகாரி ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்த ஆறு இலக்க முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தபோது, மக்களுக்குப் பழகிய அந்த எண்களைக் கலைக்காமல் கடைசி மூன்று இலக்கங்களில் அப்படியே வைத்தார்கள். நல்ல முடிவு அது. ஊர் விரிய விரியப் புதிய பட்டுவாடா அஞ்சலகங்களுக்குப் பெரும்பாலும் மேலே மேலே எண்கள் சேர்ந்தன: பெருங்குடி 96, துரைப்பாக்கம் 97, சோழிங்கநல்லூர் 119. லண்டனில் வேறு கணக்கு. 1917இல் அங்கே ஒவ்வொரு பகுதியிலும் தலைமை அலுவலக வட்டத்துக்கு 1 கொடுத்துவிட்டு மற்றவற்றுக்கு ஆங்கில அகரவரிசையில் எண் போட்டார்கள். கிழக்கு லண்டனில் பெத்னல் கிரீன் 2, போ (Bow) 3, நகரின் விளிம்பில் கிடக்கும் சிங்ஃபோர்ட் 4, மறுபடி உள்ளே வந்து கிளாப்டன் 5.

மதுரையில் பெட்டியில் போட்ட கடிதம் ஒன்று தியாகராய நகருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மதுரையில் பிரிப்பவருக்கு முதல் மூன்று இலக்கம் போதும். 600 என்றால் சென்னைப் பை. முதல் இலக்கமான 6, தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய மண்டலம். 600 சென்னையின் பிரிப்பு வட்டாரம். சென்னைக்கு வந்தபின் 017ஐப் பார்த்து தி.நகர்ப் பைக்குள் போடுவார்கள். அந்த அஞ்சலகத்தில் கடிதங்கள் பீட் வாரியாகப் பிரியும். ஒரு தபால்காரர் சுற்றும் தெருக்களின் தொகுப்புதான் ஒரு பீட். அவர் தன் கடிதக் கட்டைத் தான் நடக்கும் வரிசையில் வீடுவீடாக அடுக்கிக்கொள்வார். இந்தக் கட்டத்தில் பின்கோட்டுக்கு வேலை முடிந்துவிட்டது. கதவு எண்ணும் தெருப் பெயரும் சரியாக இருந்தால்தான் கடிதம் வாசலுக்கு வரும்.

தபால் போகும் வழிதான் கணக்கு என்பதால் அரசியல் எல்லைகளோடு பின்கோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. தாம்பரம் (600045) செங்கல்பட்டு மாவட்டம், ஆவடி (600054) திருவள்ளூர் மாவட்டம், இரண்டுமே 600தான். புதுச்சேரி 605001 என்றால், அதே ஆட்சிப்பகுதியின் மாஹே கேரள வரிசையில் 673310, ஏனாம் ஆந்திர வரிசையில் 533464. இன்னொரு பக்கம், ஒரே வளாகத்துக்கென்று தனி எண்ணும் உண்டு: ஐ.ஐ.டி. 600036, ஆளுநர் மாளிகை 600022, உயர் நீதிமன்றம் 600104.

தவறு அதிகம் நடப்பது பெயர் ஒன்றாகவும் எண் வேறாகவும் உள்ள இடங்களில். அண்ணா நகர் 600040, அண்ணா நகர் கிழக்கு 600102, அண்ணா நகர் மேற்கு விரிவு 600101. கிழக்கில் குடியிருப்பவருக்கு 40 என்று எழுதினால் கடிதம் முதலில் தவறான அஞ்சலகத்துக்குப் போய், அங்கே பிரிக்கும்போதுதான் பிழை தெரிந்து, மறுபடி பையில் ஏறும். தாமதம் அங்கேதான். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அஞ்சலகத்தின் எண்ணை எழுதுவதும் எப்போதும் சரிவராது. பல கிளைகளில் தபால்தலை விற்பனையும் சேமிப்புக் கணக்கும் உண்டு, பட்டுவாடா கிடையாது.

2025இல் அஞ்சல் துறை டிஜிபின்னைக் கொண்டுவந்தது. ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் சதுரம் ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்து-எண் குறியீடு. இதுதான் உண்மையிலேயே நிலத்துக்கு வைத்த எண். ஆனால் எந்த அஞ்சலகம் கொண்டுவந்து தரும் என்பதை அது சொல்லாது. முகவரியில் பின்கோடும் இருக்கத்தான் வேண்டும். புதுக் குடியிருப்புக்குப் போனவர்கள் வீட்டுமனை விற்பனை விளம்பரத்தில் இருக்கும் எண்ணை நம்பாமல், தெருவுக்கு வரும் தபால்காரரிடமே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.