கூட்டைச் சுற்றியிருந்த இலையெல்லாம் எங்கே?

போட்டிக்கு வரும் பறவைப் படங்களைத் தேர்வு செய்வது என் வேலைகளில் ஒன்று. இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டால் ரா ஃபைலை, அதாவது கேமரா பதிவு செய்த மூலக் கோப்பைக் கேட்போம். இந்த முறையும் ஒரு பறவைக் கூட்டின் படம். தாய் இரை ஊட்டுகிறது, குஞ்சுகள் வாயைப் பிளந்திருக்கின்றன, பின்னணி அப்படியொரு சுத்தம். ரா ஃபைலைத் திறந்தால், கூட்டுக்கு மேலே கிளைகளை நறுக்கிய தடம். வெட்டுவாய் இன்னும் வெள்ளையாக, ஈரம்கூடக் காயவில்லை. படம் எடுத்தவர் அதையெல்லாம் குளோன் செய்து, அதாவது பக்கத்துப் பகுதியை நகலெடுத்து ஒட்டி மறைத்திருக்கிறார். கேட்டால், "இலை மறைச்சுது, கொஞ்சம் ஒதுக்கினேன். பறவையை எடிட்டே பண்ணலை சார்" என்கிறார், பெருமையாக!

அந்த இலைதான் குஞ்சுகளுக்கு நிழல். காக்கையின் கண்ணிலிருந்து மறைவும் அதுதான். இதை விளக்க வேண்டியிருப்பதே கொடுமை.

"எடிட் பண்ணாத படம்தான் நேர்மையான படம்" என்ற நம்பிக்கையை யார் விதைத்தார்களோ தெரியவில்லை. எடிட் ஆகாத படம் என்று ஒன்று கிடையாது. சென்சார் பதிவு செய்வது வெறும் வெளிச்ச அளவு. அதற்கு நிறம் கொடுப்பது, கான்ட்ராஸ்ட் கூட்டுவது, ஷார்ப் ஆக்குவது, நாய்ஸை (புள்ளிப் புள்ளியாகத் தெரிவதை) குறைப்பது எல்லாம் பிறகு நடக்கிற வேலை. வழக்கமான ஜேபெக் ஃபைலாக எடுத்தால் கேமராவே செய்துவிடுகிறது. எவ்வளவு செய்வது என்பதைக் கேமரா கம்பெனி முன்பே முடிவு செய்திருக்கிறது. ராவில் எடுத்தால் அதே வேலையை நீங்கள் செய்கிறீர்கள். அவ்வளவுதான் வித்தியாசம். நிறத்தைத் தூக்கிக் காட்டும் 'விவிட்' மோடில் எடுத்துவிட்டு 'நேச்சுரல் கலர்' என்று போடுகிறவர்களை என்ன சொல்ல?

வைல்ட்லைஃப் போட்டோகிராபர் ஆஃப் தி இயர் போட்டியில் 2009-இல் முதல் பரிசு வாங்கிய ஓநாய்ப் படம் 2010-இல் தகுதியிழந்தது. அது பழக்கி வைத்த ஓநாயாக இருக்கலாம் என்று நடுவர்கள் முடிவுக்கு வந்தார்கள். 2017-இல் பரிசு பெற்ற எறும்புத்தின்னிப் படம் மறு ஆண்டு நீக்கப்பட்டது. படத்தில் இருந்தது பாடம் செய்த விலங்கு என்று தீர்மானித்தார்கள். எடுத்த இருவருமே மறுத்தார்கள். எப்படியானாலும், இரண்டிலும் வழக்கு எடிட்டிங் மேல் அல்ல. கேமராவுக்கு முன்னால் என்ன நின்றது என்பதுதான் கேள்வி.

வாயில் புழுவோடு கிளையில் உட்கார்ந்து லென்ஸையே பார்க்கும் பறவை. இந்தப் படத்துக்கு லைக் குவியும். அது போஸ் கொடுக்கவில்லை ஐயா. பெரும்பாலும், நீங்கள் நிற்பதால் கூட்டுக்குள் போகத் தயங்குகிறது. அது தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே குஞ்சுகள் பசியோடு கிடக்கின்றன. அதேபோல, கண்கூடத் திறக்காத, இறகு இன்னும் முள்ளாகவே இருக்கும் குஞ்சுகள் கிளையில் வரிசையாக உட்கார்ந்திருந்தால், அவை தாமாக அங்கே வரவில்லை. யாரோ தூக்கி வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தபின் கம்ப்யூட்டரில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், நான் தடுக்கவே மாட்டேன். நீர்க்கோழியை முழு வெள்ளைப் பின்னணியில் கோட்டோவியம் போல ஆக்குங்கள். ஒரே பருந்து வட்டமிடும் பத்து ஃபிரேம்களை ஒரே வானத்தில் அடுக்குங்கள். மறைக்கும் இலையை அங்கே எடுங்கள், மரத்தில் கை வைக்காதீர்கள். படத்தின் கீழே 'பல படங்களை இணைத்தது', 'பின்னணி மாற்றப்பட்டது' என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், போதும்.

ஆனால் அந்தப் படத்தை ஈபேர்ட் போன்ற, பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் தளங்களில் ஏற்றாதீர்கள். கதிர்க்குருவிகளைப் பிரித்தறிய உதவுவதே இறக்கையில் ஒரு மெல்லிய பட்டை, புருவக்கோடு, லேசான பச்சைச் சாயல். சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) இழுத்தால் சாயல் போச்சு. ஏஐ ஷார்ப்பனிங், இல்லாத இறகுக் கோட்டையும் வரைந்து வைக்கும். அடையாளம் காண அனுப்புவது வேறு, சுவரில் மாட்டுவது வேறு. இரண்டுக்கும் தனித்தனி ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். ராவை அழிக்காதீர்கள்.

குஞ்சு பொரிக்கும் காலத்தில் கூட்டுப் பக்கமே போகாதீர்கள். தெரியாமல் போய்விட்டால், பறவை எச்சரிக்கைக் குரல் எழுப்பியதும் திரும்பிவிடுங்கள். போனில் அந்தப் பறவை இனத்தின் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடுவது வேண்டவே வேண்டாம். எதிரி வந்துவிட்டான் என்று கூட்டை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். ஆந்தை அடையும் மரத்தைப் படமெடுத்தால், பகிரும் முன், ஃபைலில் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் இட விவரத்தை நீக்குங்கள். எக்ஸ்போர்ட் செய்யும்போது ஒரு டிக் அடித்தால் போதும். எடிட்டிங்கில் கட்டாயம் என்று நான் சொல்வது அது ஒன்றைத்தான்.