மாம்பழப் பெட்டி: மூலைக்கால் எங்கே?

மாங்காய் வரத்து தொடங்கிய கையோடு புகாரும் தொடங்கிவிடுகிறது. குடியாத்தத்தில் மாலையில் ஏற்றிய பெட்டி, விடியற்காலையில் கோயம்பேட்டில் இறங்கும்போது கோணிக்கொண்டு நிற்கிறது. அடி வரிசைப் பழம் நசுங்கி, பட்டை இடுக்கில் சாறு வடிகிறது. மண்டியில் அடிபட்ட சரக்கு என்று விலையை இறக்குகிறார்கள். விவசாயி லோடுமேனைத் திட்டுகிறார், லோடுமேன் டிரைவரைக் காட்டுகிறார், டிரைவர் ரோட்டைக் காட்டுகிறார். அந்தப் பெட்டியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்க மட்டும் ஆளில்லை. பாருங்கள். பெரும்பாலும் ஒரே குறைதான் இருக்கும்: உள்மூலையில் செங்குத்தாக நிற்க வேண்டிய மரத்துண்டு, அதாவது கால், இருக்காது.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில், "அடுத்த தடவை பலகையைத் தடிமனாப் போடச் சொல்றேன் சார்." இந்த ஒரு நம்பிக்கையை உடைப்பதற்குள் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடுகிறது. ஐயா, பலகை உடைந்து கெட்டுப்போன பழப்பெட்டி மிகக் குறைவு. இணைப்பு விட்டுத்தான் பெட்டி கெடுகிறது. மூன்று நூல் தடிமன் பட்டை போட வேண்டிய இடத்தில் ஆறு நூல் பலகை போட்டால் என்ன நடக்கும்? (எட்டு நூல் ஒரு இன்ச்.) 18 கிலோ பெட்டி ஒன்றுக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் மரம் கூடும். 200 பெட்டி லோடில் அது 300 கிலோவைத் தாண்டும். அதாவது பதினாறு, பதினேழு பெட்டி மாங்காய்க்குரிய வாடகையை மரத்துக்குக் கொடுக்கிறீர்கள். அந்தக் கூடுதல் எடையும் அடிப்பெட்டியின் மேல்தான் உட்காரும். தடித்த பலகையை அதே சின்ன ஆணியால் அடிப்பதால் ஆணி உள்ளே இறங்கும் ஆழம் குறைந்து, பிடிமானமும் போய்விடும். காசு கொடுத்து வாங்கிய பலவீனம் என்றால் இதுதான்.

மரத்தில் நார் நீளவாக்கில் ஓடுகிறது. நாருக்குக் குறுக்கே அடித்த ஆணியை நார்கள் இரு பக்கமும் நெருக்கிப் பிடிக்கும். பலகையின் வெட்டுமுனையில், நார் ஓடும் திசையிலேயே அடித்த ஆணி நார்களை விலக்கிக்கொண்டு போய் நிற்கும். வண்டி ஆட ஆட வழுக்கி வெளியே வரும். மூலைக்கால் இல்லாத பெட்டியில், பக்கப் பட்டையின் ஆணி எல்லாம், பெட்டியின் இரு முனைகளை அடைக்கும் தலைப்பலகையின் வெட்டுமுனையில்தான் இறங்குகிறது. பலகை ஒரு இன்ச் தடிமன் இருந்தாலும் இதே நிலைதான். செங்குத்தாக ஒரு கால் வைத்து, தலைப்பலகையையும் பக்கப் பட்டையையும் அந்தக் காலில் அடித்தால் இரண்டு ஆணியும் நாருக்குக் குறுக்கே இறங்கும். நாலு துண்டு ரீப்பர், அவ்வளவுதான் செலவு.

காலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆறு பெட்டி உயரத்துக்கு அடுக்கினால் அடிப்பெட்டியின் மேல் சுமார் 110 கிலோ நிற்கிறது. அந்த எடை கால் வழியாகக் காலுக்கு இறங்கித் தரைக்குப் போக வேண்டும். கால் இல்லை என்றால் மூடி வழியாகப் பழத்துக்குப் போகும். பழத்தைத் தூணாக்கி அடுக்கிவிட்டு ரோட்டைத் திட்டி என்ன பயன்?

ஆசாரியிடம் கொடுக்க அளவு வேண்டும் என்பவர்களுக்கு, 18 கிலோ மாங்காய்க்கு உள்ளளவு 18 இன்ச் நீளம், 12 இன்ச் அகலம், 10 இன்ச் உயரம். மூலைக்கால் ஒன்றேகால் இன்ச் சதுரம், நாலு துண்டு, உயரம் பத்தே முக்கால். பெட்டி விளிம்புக்கு மேல் முக்கால் இன்ச் தலை நீட்ட வேண்டும். அந்த முக்கால் இன்ச்சை அசிங்கமாக இருக்கிறது என்று அறுத்துவிடும் ஆசாரிகள் உண்டு. தயவுசெய்து அறுக்க விடாதீர்கள், மேல்பெட்டி உட்காரும் இடமே அதுதான். பழத்தைப் பார்க்கும் உள்விளிம்பை இழைப்புளியால் மழுக்கிவிடுங்கள். தலைப்பலகை முக்கால் இன்ச் தடிமன். பக்கத்துக்கு மூன்று பட்டை, 3 இன்ச் அகலம், மூன்று நூல் தடிமன், நீளம் பத்தொன்பதரை, இடைவெளி அரை இன்ச். அடிக்கு அதே தடிமனில் இரண்டே முக்கால் இன்ச் பட்டை நாலு. அதற்குக் கீழே குறுக்காக 2 இன்ச் அகலம், முக்கால் இன்ச் தடிமனில் மூன்று அடிக்கட்டை, இரு முனையில் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. நடுக்கட்டையை மிச்சம் பிடித்தால் அடி தொய்ந்து கீழ்ப்பெட்டிப் பழத்தைத் தொடும்.

ஆணி விஷயத்தில் பொதுக்கணக்கு, மேலே இருக்கும் பட்டையின் தடிமனைப் போல மூன்று மடங்கு நீளம். ஆக, பக்கப் பட்டைக்கு ஒன்றேகால் இன்ச். தலைப்பலகை தடித்தது, காலோ ஒன்றேகால் இன்ச்தான். அங்கே ஒன்றே முக்கால் போதும், அதற்கு மேல் போனால் முனை உள்ளே எட்டிப் பார்க்கும். முனை அடிக்கட்டைகளுக்கு, பட்டையையும் துளைத்துத் தலைப்பலகையின் கீழ்விளிம்பில் ஏறும்படி 2 இன்ச். நடுக்கட்டைக்கு ஒன்றரை இன்ச் ஆணியை உள்ளிருந்து அடித்து, வெளியே வரும் முனையை மடக்கிவிட வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு ஆணி, ஒரே நேர்க்கோட்டில் வராமல் கோணலாக. ஒற்றை ஆணி கீல் மாதிரி. பட்டை அதைச் சுற்றித் திரும்பும், பெட்டி சாய்சதுரமாகும். காலில் இரு பக்கமிருந்தும் வரும் ஆணிகள் ஒன்றையொன்று முட்டாதபடி உயரம் மாற்றி அடிக்க வேண்டும். முனைக்கு அருகே அடித்துப் பட்டை பிளக்கிறதா? ஆணியின் கூரைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி மழுக்கிவிட்டு அடியுங்கள். கூர் நாரைப் பிளக்கும், மழுங்கிய முனை நாரை நசுக்கி வழி பண்ணிக்கொள்ளும்.

மரம் எதுவாக இருக்கலாம்? மலைவேம்பு, இலவம், பீநாரி போன்ற லேசான மரங்கள் நல்லவை. மாமரம் ஆகும், எடைதான் கூட. தைலமரம் விலை மலிவு என்று எல்லோரும் ஓடுகிறார்கள். அது காயும்போது முறுக்கும், முனையில் வெடிக்கும். எந்த மரமானாலும் காய்ந்திருக்க வேண்டும். மரவாடியில் காலையில் அறுத்து மதியம் பெட்டியாக்கினால், கத்திரி வெயிலில் 3 இன்ச் பட்டை கிட்டத்தட்டக் கால் இன்ச் வரை சுருங்கும், ஆணி தளரும். மூடிய லாரிக்குள் அதே ஈரத்தில் பூஞ்சணம் பூக்கும். அறுத்த பட்டையை இடையில் குச்சி கொடுத்து நிழலில் அடுக்கிக் காயவிடுங்கள். சீசனுக்கு முன்பே மரம் வாங்க வேண்டும் என்பதுதான் இதற்கு அர்த்தம். காய் இறங்கிய அன்று ஓடிவந்து நின்றால் ஈரமரம்தான் கிடைக்கும்.

இறக்குமதிச் சரக்கோடு வரும் பைன் பேலட்டை, அதாவது சரக்கு அடுக்கும் மரத்தட்டைப் பிரித்துப் பெட்டி செய்வது இப்போது பெருகிவிட்டது. நல்ல மரம்தான், ஆனால் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றால் சூட்டில் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, பழத்துக்கு வேண்டாம். எண்ணெய்க் கறை, மருந்து வாடை இருந்தால் முத்திரை எதுவானாலும் விறகுக்குக்கூட எடுக்காதீர்கள். பெட்டிக்குப் பெயின்ட், வார்னிஷ், கரையானுக்கென்று பூசும் மருந்து எதுவும் கூடாது.

நிரப்புவதற்கு வருவோம். கோபுரமாகக் குவித்து, மூடியை முழங்காலால் அமுக்கி ஆணி அடிக்கும் பழக்கம் ஒழிய வேண்டும். பழம் விளிம்புக்கு அரை இன்ச் கீழே நிற்கட்டும். அதற்காகத் தளர்வாகவும் விடக் கூடாது. லாரி அடுக்கில் உச்சிப் பெட்டிதான் அதிகம் அதிரும், அதில் ஆடும் பழம் ஒன்றோடொன்று உரசித் தோல் கறுக்கும். பாதி நிரம்பியதும் பெட்டியை மெல்ல உலுக்கி, காய் அமர்ந்த பின் மேலே வையுங்கள். மூடிக்கு மூன்று பட்டை போதும். நாலு கால்களுக்கு நடுவே அடங்கி, ஆணி தலைப்பலகையின் மேல்விளிம்பில் இறங்க வேண்டும்.

காம்பை ஒட்ட ஒடித்த காயை எந்தப் பெட்டியும் காப்பாற்றாது, பால் வடிந்து தோல் வெந்துவிடும். ஒரு சென்டிமீட்டர் காம்பு விட்டு அறுத்து, கவிழ்த்து வைத்துப் பால் வடியவிட்டுப் பிறகு அடுக்குங்கள்.

ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் சீத்தாப்பழத்துக்கு இந்தப் பெட்டியே வேண்டாம். அதற்கு 6 இன்ச் உயரம், இரண்டு அடுக்கு, அதற்கு மேல் பேராசை. கொய்யாவுக்கு 8 இன்ச். கால் எல்லாவற்றுக்கும் உண்டு.

காற்று போக இடைவெளி விடச் சொல்கிறோம். விட்ட இடைவெளியைச் சுற்றிலும் காகிதம் ஒட்டி அடைத்துவிடுகிறார்கள்! பறித்த பழமும் மூச்சு விடுகிறது, சூட்டை வெளியேற்றுகிறது. மே மாதத்தில் 40 டிகிரி தாண்டும் ஊர் இது, மேலே தார்ப்பாய் வேறு. அடியிலும் மேலும் மட்டும் காய்ந்த வைக்கோலோ அச்சில்லாத காகிதமோ போதும். வைக்கோலில் ஈரம் இருந்தால் பூஞ்சணத்தைப் பாய் விரித்து அழைத்த மாதிரி ஆகிவிடும். பழைய செய்தித்தாள் வேண்டவே வேண்டாம். 2018 உணவுப் பொட்டல விதிகள் உணவைச் செய்தித்தாளில் சுற்றவும் வைக்கவும் கூடாது என்கின்றன, மை பழத்தில் ஒட்டும் என்பது கண்ணுக்கே தெரிகிறது. பொட்டலம் கட்டிக் கார்பைடு கல் வைப்பவர்களுக்கு ஒரு வரி: கார்பைடால் பழுக்க வைப்பது சட்டப்படி தடை.

கைப்பிடியை மறந்துவிடாதீர்கள். தலைப்பலகையை இரண்டு துண்டாகப் போட்டு, மேல்துண்டுக்குக் கீழே ஒன்றேகால் இன்ச் இடைவெளி விட்டால் விரல் நுழையும். பிடிக்க இடமில்லாத பெட்டியை லோடுமேன் எறியத்தான் செய்வார், அவரைக் குறை சொல்லாதீர்கள். வெளியே நீட்டும் ஆணியும் சிராயும் அவர் கையைத்தான் முதலில் கிழிக்கும்.

திரும்பி வந்த பெட்டியில் போன லோடின் அழுகல் ஒட்டியிருக்கும். தேய்த்துக் கழுவி, 10 லிட்டர் தண்ணீருக்கு 7 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து நனைத்து, சில நிமிடம் கழித்து அலசி, வெயிலில் முழுக்கக் காய வையுங்கள். தினமும் போய்த் திரும்பும் பக்கத்துச் சந்தைக்கு பிளாஸ்டிக் கிரேட்டே மேல். மரப்பெட்டி விற்கும் நண்பர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

நூறு பெட்டிக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒன்றே ஒன்று செய்து வாங்குங்கள். டேப்பை வைத்து மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளங்கள். வித்தியாசம் இரண்டு நூலுக்கு மேல் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். 18 கிலோ மணலைச் சின்னச் சின்னப் பைகளாக உள்ளே வைத்து, மூடி அடித்து, முழங்கால் உயரத்திலிருந்து ஒரு மூலை தரையில் படும்படி இரண்டு முறை போடுங்கள். பிறகு மறுபடி அளங்கள். அளவு மாறியிருந்தாலோ ஏதாவது ஆணி தலை தூக்கியிருந்தாலோ முன்பணம் கொடுக்காதீர்கள்.