பழைய பிக்கப் வாங்குமுன் அடியில் படுத்துப் பாருங்கள்

காடு மேடு ஏறி விளையாட ஒரு பழைய பிக்கப் வாங்க வேண்டும் என்பவர்கள் முதலில் கேட்பது டயர் சைஸ். அடுத்து, வண்டியை எத்தனை இஞ்ச் உயர்த்தலாம் என்பது. இரண்டையும் பிறகு எப்போது வேண்டுமானாலும் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸையும் நான்கு சக்கர இயக்கத்தையும் அப்படி வாங்கிப் பொருத்த முடியாது. இந்த இரண்டும் நன்றாக இருந்துவிட்டால் சீட் கிழிந்திருப்பதும் கதவு நசுங்கியிருப்பதும் பேரம் பேசத்தான் உதவும்.

பார்க்கப் போகும்போது அழுக்கானாலும் பரவாயில்லை என்கிற சட்டை, தரையில் விரிக்க அட்டை, டார்ச், சிறு சுத்தியல், ஜாக்கி ஆகியவை கையில் இருக்கட்டும். இஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளைதான் சரி. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறோம் என்று திரும்பிவிடுங்கள்.

பிக்கப்பின் முதுகெலும்பு ஏணி போன்ற சேஸிஸ். அதைத் துரு வெளியிலிருந்து தின்பதைவிட உள்ளிருந்து தின்பதுதான் அதிகம். பெட்டி வடிவச் சட்டத்தின் ஓட்டைகள் வழியே சேறு உள்ளே போய்த் தங்கி, மாதக்கணக்கில் ஈரம் காக்கும். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும்; அரித்த இரும்பு தொப்பென்று ஒலித்துச் செதிலாக உதிரும். கமான் பட்டை சட்டத்தோடு சேரும் இரண்டு முனைகள், பின் ஆக்ஸிலுக்கு மேலே வளையும் பகுதி, கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம் ஆகிய மூன்று இடங்களில் நிதானமாகத் தட்டுங்கள். அடிப்பாகம் முழுக்கப் புதுக் கறுப்புப் பூச்சோடு பளபளத்தால் சந்தேகப்படலாம். வண்டிக்கு நல்ல பெயர் இருப்பதும் இதற்குக் காப்பு ஆகாது. அமெரிக்காவில் விற்ற 2005–2010 டொயோட்டா டகோமாக்களின் சேஸிஸ் துரு வழக்காகி, சமரசத்தின்படி மோசமாக அரித்தவற்றுக்கு நிறுவனமே சேஸிஸை மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது.

கொஞ்சம் தள்ளி நின்று, கேபினுக்கும் பின்தொட்டிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பக்கவாட்டில் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே அகன்று கீழே குறுகியிருந்தால், பின் ஆக்ஸிலைத் தாண்டி அதிக பாரம் ஏற்றியதில் கேபினுக்குப் பின்னால் சட்டம் வளைந்திருக்க வாய்ப்பு உண்டு. அந்த வண்டியை விட்டுவிடுங்கள். ஸ்டீயரிங் பாக்ஸ் சட்டத்தில் போல்ட் ஆகும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பெரிய டயர் போட்டு ஓட்டிய வண்டிகளில் இது அடிக்கடி வரும்.

நான்கு சக்கர இயக்கத்தைத் தார்ச்சாலையில் சோதிக்கக் கூடாது. வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரங்களையும் இயக்கும் பகுதிநேர அமைப்பில், அதைப் போட்டதும் முன், பின் ஷாஃப்டுகள் இறுகப் பிணைந்துவிடும். திரும்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் போவதால், டயர் வழுக்க இடமில்லாத தரையில் அந்த முறுக்கு முழுவதும், இஞ்சின் விசையை முன்னும் பின்னும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஏறும். மண் தரைக்குக் கொண்டுபோங்கள். வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, நான்கு சக்கர லீவரில் லோ ரேஞ்ச் (வேகம் குறைத்து இழுவை கூட்டும் நிலை) போடுங்கள். முதல் கியரில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் விட்டால், நடப்பதைவிட மெதுவாக, திணறாமல் ஊர வேண்டும். சட்டென மிதித்து, சட்டென காலை எடுங்கள். அந்த லீவர் தானாக நழுவி வெளியே வந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்கும் செலவு காத்திருக்கிறது.

டாஷ்போர்டில் 4டபிள்யூடி விளக்கு எரிவது ஒன்றையும் நிரூபிக்காது. முன் சக்கரத்தை ஆக்ஸிலோடு கையால் பூட்டும் ஹப் உள்ள வண்டி என்றால் இப்படிச் செய்யலாம். பின் சக்கரங்களுக்கு அடைப்புக் கட்டை வைத்து, இஞ்சினை அணைத்து, லீவரை 4ஹெச்சில் (ஹை ரேஞ்ச்) போட்டு, இரண்டு ஹப்பையும் பூட்டுங்கள். ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். சிறிது ஆடி நின்றுவிட வேண்டும். தாராளமாகச் சுற்றினால் ஹப்போ, ஆக்ஸில் ஷாஃப்டோ, உள்ளே பல்லோ போயிருக்கிறது. சக்கரம் தூக்கியிருக்கும்போதே மேலும் கீழும் பிடித்து அசைத்தால் பேரிங்கும் பால் ஜாயின்டும், இடமும் வலமும் அசைத்தால் டை ராடு முனையும் தம் நிலையைச் சொல்லிவிடும்.

இரு சக்கர இயக்க வண்டியை மலிவாக வாங்கி நான்காக மாற்றிக்கொள்ளலாம் என்பது தப்புக் கணக்கு. டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல் (இடது, வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் கியர்த் தொகுதி), ஷாஃப்டுகள், ஹப், குறுக்குச் சட்டம் என்று நீளும் பட்டியல், மிச்சம் பிடித்த பணத்தை விழுங்கிவிடும்.

இனி கணக்கு. முதல் கியர் விகிதம் 4.0, லோ ரேஞ்ச் 2.5, டிஃபரன்ஷியல் 4.1 என்றால் மூன்றையும் பெருக்கக் கிடைப்பது 41. பாறை மேல் வண்டி எவ்வளவு அடக்கமாக ஊரும் என்பது இந்த எண்ணில்தான் இருக்கிறது, குதிரைத்திறனில் இல்லை. பெரிய டயர் இதைக் குறைத்துவிடும். 265/70 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 777 மிமீ; 33 இஞ்ச் டயர் 838 மிமீ. ஏறக்குறைய 8 சதவீத வித்தியாசம். 4.1 விகிதம் 3.8 போல நடந்துகொள்ளும், கிளட்ச் சீக்கிரம் தேயும், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 65-ஐ நெருங்கியிருக்கும். பழைய இழுவை திரும்ப வேண்டுமானால் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் கியர்களை மாற்ற வேண்டும், அதுவும் முன்னும் பின்னும் ஒரே விகிதத்தில். இத்தனைக்கும் டிஃபரன்ஷியலுக்கு அடியில் கிடைக்கும் கூடுதல் உயரம் 30 மிமீ மட்டுமே. பாடியை மட்டும் சேஸிஸிலிருந்து உயர்த்தினால் அந்த 30-உம் கிடையாது. டயருக்கு இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

தனித்தனி முன் சஸ்பென்ஷன் உள்ள வண்டியை சுமார் 50 மிமீ வரை உயர்த்துவது நிம்மதி. அதற்கு மேல் போனால் முன் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் ஷாஃப்டின் மூட்டான சிவி ஜாயின்டின் கோணம் கூடி ரப்பர் பூட் கிழியும். கிழிந்ததும் கிரீஸ் வெளியே, மணல் உள்ளே. ஜாயின்ட் சீக்கிரமே கடகடக்க ஆரம்பிக்கும்.

நீளத்தை யாரும் கேட்பதில்லை. இரட்டை கேபின் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம்) 3085 மிமீ. குட்டி ஜீப் போன்ற சுசூகி ஜிம்னி சியராவுக்கு 2250. மேட்டின் உச்சியில் வயிறு தட்டுவதும், இறங்கும்போது பின் பம்பர் மண்ணை உழுவதும் நீளத்தால் வருபவை. ஆள் ஏற்ற வேண்டிய தேவை இல்லை என்றால் ஒற்றை கேபினில் குட்டையான வண்டியாகப் பாருங்கள்.

இஞ்சினுக்கு வருவோம். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் இனிப்பு வாடையோடு வெண்புகை வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது. ஓடும் டீசல் இஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்து ஓட்டை மேல் தலைகீழாக வையுங்கள். லேசாக ஆடினால் சரி, தூக்கி எறிந்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரின் வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிகிறது. டைமிங் பெல்ட் மாற்றியதற்கு ரசீது இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியை நுணுக்கமான சேறு காட்டிக்கொடுக்கும். சீட் தண்டவாளம், சீட் பெல்ட்டின் கடைசிச் சுருள், வயர் கனெக்டர்களின் உள்பக்கம் ஆகியவற்றை யாரும் முழுதாகக் கழுவுவதில்லை. டிஃபரன்ஷியலின் நிரப்பு போல்ட்டைத் திறந்து விரல் விட்டுப் பார்த்தால், தண்ணீர் கலந்த ஆயில் காபிப் பால் நிறத்தில் இருக்கும்.

ஏற்கெனவே யாரோ லிஃப்ட், விஞ்ச், விளக்குகள் என்று எல்லாம் போட்டு விற்கும் வண்டி மலிவாகத் தோன்றும். ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக இழுத்த வயர், சட்டத்தில் கைபோன போக்கில் வைத்த வெல்டிங் இரண்டும் கூடவே வரும். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டி கொஞ்சம் விலை கூடுதலானாலும் அதையே தேர்ந்தெடுக்கலாம். உயரம், டயர், பம்பர் மாற்றங்களுக்கு உங்கள் பகுதிச் சட்டமும் காப்பீடும் இடம் தருகின்றனவா என்பதை பாகங்கள் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வண்டி கைக்கு வந்ததும் இஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரன்ஷியல் ஆகிய ஐந்து இடங்களிலும் ஆயிலை மாற்றுங்கள். இதற்கும் பிரேக்குக்கும் பணம் ஒதுக்கிவிட்டுத்தான் டயரைப் பற்றி நினைக்க வேண்டும். முதல் சேற்றுப் பயணத்துக்கு முன் சேஸிஸில் போல்ட் ஆகும் மீட்புக் கொக்கி, முன்னும் பின்னும், வேண்டும். டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் பட்டையை மாட்டி இழுப்பது வழக்கமாகிவிட்டது. உதறி இழுக்கும் விசைக்காக அது செய்யப்படவில்லை. ஒடிந்தால் பீரங்கிக் குண்டு போலப் பறந்து அடுத்த வண்டியின் கண்ணாடிக்குள் புகும், ஆட்கள் இப்படி இறந்திருக்கிறார்கள்.