அனாமலி: வெப்பநிலை விலகல்

பூமி சூடாகிறதா, எவ்வளவு, கணிப்புகள் பலித்தனவா என்று வாக்குவாதம் வந்தால் எல்லாத் தரப்பும் கடைசியில் ஒரு வரைபடத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். அதன் இடது ஓரத்தில் 14, 15 என்று வழக்கமான டிகிரிகள் இருக்காது. –0.4, 0, +0.8 என்றுதான் இருக்கும். வழக்கமான சராசரியைவிட எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று காட்டும் அந்த எண்களின் ஆங்கிலப் பெயர் அனாமலி (anomaly). தமிழில் இதை முரண்பாடு, ஒழுங்கின்மை, பிறழ்ச்சி என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். 'வெப்பநிலை விலகல்' என்பதே சரியான சொல் என்பது என் கருத்து. அதற்கான காரணம் இந்தச் சொல்லின் கதையிலேயே இருக்கிறது.

கிரேக்கத்தில் 'ஹொமாலோஸ்' என்றால் சமமானது, மேடுபள்ளம் இல்லாதது. அதற்கு முன்னால் 'அன்' என்ற மறுப்பு சேர்ந்தால் 'அனோமாலோஸ்', அதாவது சமமற்றது. (நாம் பேசும் 'அனாவசியம்' என்ற சொல்லின் தொடக்கத்தில் இருக்கும் வடமொழி மறுப்பும் இந்த 'அன்'னும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை.) சட்டம் எனப் பொருள்படும் 'நோமோஸ்' என்ற கிரேக்கச் சொல்லோடு இதைச் சேர்த்து, 'விதியை மீறியது' என்று பொருள் சொல்பவர்கள் உண்டு. ஒலி ஒத்துப்போவதால் வந்த குழப்பம் அது.

இந்தச் சொல்லைப் பழங்காலத்திலேயே கையில் எடுத்தவர்கள் வானியலாளர்கள். கோள்கள் வானத்தில் ஒரே சீரான வேகத்தில் நகர்வதில்லை, சில சமயம் விரைகின்றன, சில சமயம் தாமதிக்கின்றன. அந்தச் சீரின்மையைத்தான் அனாமலி என்றார்கள். நீள்வட்டப் பாதையில் சுற்றும் எந்தக் கோளுக்கும் அது இயல்பு என்பது கெப்லருக்குப் பிறகு தெளிவானது. ஆனாலும் சொல் நிலைத்துவிட்டது. சூரியனுக்கு மிக அருகே வரும் புள்ளியிலிருந்து கோள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதைக் காட்டும் கோணத்துக்கு இன்றும் அந்தப் பெயர்தான். ஆக, தொடக்கத்திலிருந்தே இந்தச் சொல்லில் குற்றமோ கோளாறோ இல்லை.

காலநிலை அறிவியலில் இதன் பொருள் எளிமையானது. ஓர் இடத்தில் ஒரு மாதத்தில் பதிவான வெப்பநிலையிலிருந்து, அதே இடத்தில் அதே மாதத்துக்குரிய நீண்டகாலச் சராசரியைக் கழியுங்கள். மிஞ்சுவது அனாமலி. அந்தச் சராசரிக்கு உலக வானிலை அமைப்பு 30 ஆண்டுகளை அளவாக வைத்திருக்கிறது.

நேராக வெப்பநிலையையே சொல்லிவிட்டால் என்ன? மலைமேல் ஒரு நிலையம், சராசரி 15 டிகிரி. அடிவாரத்தில் இன்னொன்று, 30 டிகிரி. இரண்டுக்கும் சராசரி 22.5. ஒருநாள் மலை நிலையத்தை மூடிவிடுகிறார்கள். இப்போது சராசரி 30! எங்கும் எதுவும் சூடாகவில்லை, ஆனால் கணக்கில் ஏழரை டிகிரி ஏறிவிட்டது. விலகலாகக் கணக்கிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. மலையில் 0, அடிவாரத்தில் 0. ஒன்றை மூடினாலும் 0 தான். 'குளிர்ந்த இடங்களில் இருந்த நிலையங்களை மூடியதால்தான் வெப்பம் ஏறியதுபோல் தெரிகிறது' என்ற வாதம் அடிக்கடி வருகிறது. அதற்கான பதில் இந்தக் கழித்தலிலேயே இருக்கிறது. இன்னொரு வசதியும் உண்டு. மலையும் அடிவாரமும் வெப்பநிலையில் வேறுபட்டாலும், வழக்கத்தைவிடச் சூடான ஒரு மாதம் வந்தால் பெரும்பாலும் இரண்டிலும் சேர்ந்தே வரும். இந்த ஒற்றுமை மிகத் தொலைவுவரை நீள்கிறது என்று நாசாவின் ஜேம்ஸ் ஹேன்சனும் செர்கேய் லெபெடெஃபும் 1987-இல் காட்டினார்கள். நிலையங்கள் குறைவாக உள்ள பகுதிகளையும் ஓரளவு கணக்கில் சேர்க்க முடிந்தது அதனால்தான்.

பருவமும் குறுக்கே வரும். 20-ஆம் நூற்றாண்டுச் சராசரிப்படி பூமி முழுவதற்கும் ஜனவரியில் 12.0 டிகிரி, ஜூலையில் 15.8 டிகிரி. வடபாதியில் நிலப்பரப்பு அதிகம் என்பதால் அங்கே கோடை வரும்போது உலகச் சராசரியே ஏறுகிறது. ஒவ்வோர் ஆண்டும் கிட்டத்தட்ட 4 டிகிரி ஏறி இறங்கும் கோட்டில், நூறாண்டில் ஒரு டிகிரி கூடியதைக் கண்ணால் பிடிப்பது கடினம்.

'பூமியின் வெப்பநிலை துல்லியமாக எவ்வளவு என்று விஞ்ஞானிகளுக்கே தெரியாது' என்ற வாதத்தில் உண்மை உண்டு. உலகச் சராசரியை 14 டிகிரியை ஒட்டிச் சொல்வார்கள், பத்தில் சில டிகிரி முன்பின் இருக்கலாம். ஆனால் எவ்வளவு மாறியது என்பதை அதைவிட நன்றாகச் சொல்ல முடியும். இரண்டும் வேறு வேறு கேள்விகள். முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறுப்பது நியாயமில்லை.

சரி, இந்த எண்கள் இவ்வளவு சண்டையைக் கிளப்புவது ஏன்? பெரும்பாலும் எதிலிருந்து கழித்தார்கள் என்பதை விட்டுவிடுவதால்தான். 2016-ஆம் ஆண்டு முடிந்ததும் நாசா +0.99 என்றது, பிரிட்டன் வானிலை அலுவலகம் +0.77 என்றது. நாசா கழித்தது 1951–1980 சராசரியை, பிரிட்டன் கழித்தது 1961–1990 சராசரியை. இடைவெளியில் கிட்டத்தட்டப் பாதி அங்கிருந்தே வருகிறது. இரண்டையும் அருகருகே வைத்து 'இவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை' என்று எழுதுவது வாசகரைத் தவறாக வழிநடத்துவதாகும். அலபாமா பல்கலைக்கழகத்தின் செயற்கைக்கோள் பதிவுக்கும் 2021-இல் ஒப்பீட்டுக் காலம் 1991–2020 ஆக மாறியது. மாறியதும் எல்லா மாதங்களின் எண்களும் கீழே இறங்கின. பூமி குளிரவில்லை, பூஜ்யம் மேலே நகர்ந்தது.

பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தின் 1.5 டிகிரி எல்லைக்கும் இதே கதைதான். தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலைக்கு ஈடாக ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி எடுத்துக்கொள்வது 1850–1900 சராசரியை. அதிலிருந்து 2024-ஆம் ஆண்டு சுமார் 1.55 டிகிரி விலகியிருந்ததாக உலக வானிலை அமைப்பு அறிவித்தது. உடனே 'எல்லை தாண்டியாயிற்று' என்று ஒரு பக்கம் குரல் எழுந்தது. ஒப்பந்தம் பேசுவது நீண்டகாலச் சராசரியை, ஒற்றை ஆண்டை அல்ல. எல் நினோ (பசிபிக் கடல்நீர் சூடாகி உலக வெப்பத்தைத் தற்காலிகமாக உயர்த்தும் நிகழ்வு) கை கொடுத்த ஓர் ஆண்டை வைத்து முடிவு கட்டுவது தவறு, 1998-ஐப் போன்ற ஓர் எல் நினோ ஆண்டிலிருந்து கோடு கிழித்து 'வெப்பமாதல் நின்றுவிட்டது' என்றதும் தவறு. இரண்டிலும் பிழை ஒன்றுதான்.

கணிப்புகளைச் சோதிக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். காலநிலையைக் கணிக்கும் கணினி மாதிரியின் கோட்டையும் அளவீட்டின் கோட்டையும் ஏதோ ஓர் இடத்தில் பொருத்தித்தான் ஒப்பிட முடியும். பல ஆண்டுச் சராசரியில் பொருத்தினால் ஒரு படம் கிடைக்கும். தற்செயலாகச் சூடாக இருந்த ஒற்றை ஆண்டில் பொருத்தினால், அதற்குப் பிந்தைய அளவீடுகள் எல்லாம் கணிப்புக்குக் கீழே தொங்குவதுபோலத் தெரியும். கணிப்பு தோற்றது என்று யாராவது படம் காட்டினால் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பொருத்துமிடத்தைத்தான். ஜெயித்தது என்று காட்டினாலும் அப்படியே.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'முரண்பாடு' பொருந்தாது. ஒன்றோடொன்று மோதுவதற்குத்தான் அது, இங்கே எதுவும் மோதவில்லை. 'ஒழுங்கின்மை' கிரேக்க வேருக்கு நெருக்கம்தான், ஆனால் +0.77 என்று அளந்து சொல்லும் ஒன்றை ஒழுங்கின்மை என்றால் காதில் ஏறவில்லை. 'பிறழ்ச்சி'யைப் பலர் விரும்புகிறார்கள், நல்ல பழஞ்சொல். ஆனால் இன்று மனப்பிறழ்வு, நெறிபிறழ்தல் என்று கேட்டுப் பழகியதால் அதில் நோயும் குற்றமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கோள்கள் நிலை மாறுவதைப் பழந்தமிழ் 'திரிதல்' என்றது, கிரேக்க வானியலுக்கு அவ்வளவு பக்கத்தில் வேறு சொல் இல்லை. ஆனால் தரவைத் திரித்துவிட்டார்கள் என்று குற்றம் சாட்டப்படும் ஒரு துறையில் 'வெப்பநிலைத் திரிபு' என்று தலைப்பிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

'விலகல்' யாரையும் குற்றம் சொல்வதில்லை. மேலேயும் விலகலாம், கீழேயும் விலகலாம் என்பதால் கூட்டல், கழித்தல் குறிகள் இரண்டும் அதோடு இயல்பாக நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, 'விலகியது' என்றவுடன் 'எதிலிருந்து?' என்று தமிழ் காது கேட்டுவிடும். இத்தனை சண்டைகளிலும் கேட்கப்படாமல் போன கேள்வி அதுதான். புள்ளியியல் பாடத்தில் 'திட்ட விலக்கம்' என்று ஒன்று இருப்பதால் குழப்பம் வருமே என்பார்கள். விலக்கத்தை அதற்கே விட்டுவிட்டு, இங்கே விலகல் என்று மட்டும் எழுதினால் போதும்.

எதிலிருந்து கழிக்கிறோமோ அந்த ஆண்டுகளுக்கு 'ஒப்பீட்டுக் காலம்' என்ற சொல் போதுமானது. எழுதும் முறை இப்படி: '1961–1990 சராசரியிலிருந்து 2016-ஆம் ஆண்டின் வெப்பநிலை விலகல் +0.77 டிகிரி செல்சியஸ்.' இடம் குறைவு என்று எதை வெட்டினாலும், அந்த முதல் இரண்டு சொற்களை வெட்டக் கூடாது.